கீரை வெந்த தண்ணீர்

சூலியா தெருப் பக்கத்துச் சந்தில், சோறும் கறிக்குழம்பும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில் ஜபருல்லா முப்பத்தொரு வருடம் பண்டாரி. பண்டாரி என்றால் ஏதோ சமையல்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. அடுப்படியில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆட்டுக்கறிக் குழம்பு அவர் கை பட்டால்தான் குழம்பு என்று கடை முதலாளியே ஒத்துக்கொள்வார், அதுவும் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுகொண்டு.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. மனுசன் கறி தின்னப் பிறந்தவன். யாராவது கறியைக் குறைத்துக் காய் கூட வைக்கச் சொன்னால் போதும், கரண்டியை அப்படியே விட்டுவிட்டு, மேலுதட்டை விரலால் தூக்கித் தன் கோரைப்பல்லைக் காட்டுவார். ஆண்டவன் இந்தப் பல்லை வெண்டைக்காய் கடிக்கவா வைத்தான் என்று கேட்பார். கேட்டவர் சிரித்துக்கொண்டே இரண்டு துண்டு கூட வாங்கிப் போவார்.

எதிர்க்கட்சி கார்த்திகேசு. துறைமுகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சுத்த சைவம். கறி வாசத்துக்கு நடுவே உட்கார்ந்து கோப்பி குடித்தபடி கீரைக்கு வக்காலத்து வாங்குவது அவருடைய தினசரி வேலை. புலிக்குக் குடல் குட்டை, மாட்டுக்கு நீளம், நமக்கும் நீளம், அப்படியானால் நாம் யார் பக்கம் என்பார். கோரைப்பல்லைக் காட்டினால், அது குரங்குக்கும்தான் இருக்கிறது, அது என்ன பிரியாணியா தின்கிறது என்பார். பத்து வருடமாக இதே சண்டை. இருவரில் ஒருவரும் ஓர் அங்குலம் நகரவில்லை, நகர்ந்திருந்தால் மறுநாள் பேச விஷயம் ஏது?

ஜபருல்லாவை நகர்த்தியது அவர் மனைவி சித்தி ஹாஜராவின் சிறுநீரகம்.

சர்க்கரையும் பிரஷரும் இருபது வருடமாக அரித்து, போன வருடம் இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் மிஷினில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கையில் குத்திய குழாயில் அவள் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வருவதை முதல் நாள் பார்த்தபோது ஜபருல்லா அவளுடைய இன்னொரு கையை விடாமல் பிடித்துக்கொண்டார். ஹாஜரா உயிரோடு இருக்க வேண்டும். அவருக்கு அதற்கு மேல் ஒரு கணக்கும் இல்லை.

குற்றவாளி யார் என்று அவர் தேடினார். ரொம்பத் தூரம் போகவேண்டியிருக்கவில்லை. முப்பத்தொரு வருடமாகக் கடை சாத்தியதும் மிஞ்சிய கறியும் குழம்பும் பொட்டலமாகி ரைஃபிள் ரேஞ்ச் பகுதியிலுள்ள அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் போனது. ஹாஜராவும் மகள் சுஹானாவும் அதைத்தான் சாப்பிட்டார்கள். ஊருக்கே வடித்துக்கொட்டிய மனிதர் வீட்டில் ஒரு நாளும் அடுப்புப் பற்றவைத்ததில்லை. என் பெண்டாட்டியை நானே கறி போட்டுக் கொன்றுகொண்டிருந்திருக்கிறேன் என்று அவர் முடிவுகட்டிவிட்டார். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. ஆனால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் அதை நிமிர்த்த எந்தக் கொம்பனால் முடியும்?

நேரே கார்த்திகேசுவிடம் போய், நீங்கள் சொன்னதுதான் சரி, மனுசன் இலை தின்னப் பிறந்தவன் என்று தோல்வியை ஒத்துக்கொண்டார். பத்து வருடச் சண்டையில் வென்ற மனிதர் சும்மா இருப்பாரா? எந்தக் கீரை ரத்தத்தைச் சுத்தம் செய்யும், எந்த இலை நீரைப் பிரிக்கும் என்று காகிதத்தில் எழுதியே கொடுத்தார். முருங்கைதான் முதலில் இருந்தது.

டயாலிசிஸ் நிலையத்தில் ஸ்டெஃபனி என்று ஒரு நர்ஸ். பொறுமையான பெண். அவள் வேறு கதை சொன்னாள். தினமும் முட்டை வெள்ளைக்கருவோ ஒரு துண்டு மீனோ கோழியோ கட்டாயம் வேண்டும், மிஷின் உடம்பின் புரதத்தையும் சேர்த்து இழுத்துவிடுகிறது என்றாள். இளநீர், வாழைப்பழம், தக்காளி கூடாது. கீரை கொஞ்சமாகச் சாப்பிடலாம், ஆனால் ஒரு முறை இருக்கிறது.

“அங்கிள், கீரைய நல்லாப் பொடியா வெட்டி, நெறைய தண்ணியில வேக வெச்சு, அந்தத் தண்ணியக் கீழ கொட்டிடுங்க. பொட்டாசியம் எல்லாம் அதுலதான் எறங்கியிருக்கும். ஆன்ட்டி கிட்னியால அத வெளியாக்க முடியாது, ஹார்ட்டுக்கு ஆபத்து லா.”

ஜபருல்லா தலையாட்டினார். வெட்டுவதும் வேகவைப்பதும் சரி. தண்ணீரைக் கொட்டுவதா? ஒருமுறை கடையில் புதிதாகச் சேர்ந்த ஆள் எலும்பு வெந்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றியதற்கு அன்றைக்கே அவனுக்குச் சீட்டைக் கிழித்தவர் அவர். வெந்த பொருளின் உயிர் சாற்றில்தான் இருக்கிறது, சக்கையை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம், சாறு போனால் எல்லாம் போச்சு. அது அவர் தொழில் கற்ற முதல் வாரத்தில் மண்டையில் ஏறியது. பொட்டாசியம் சத்துதானே, பானப் பாட்டிலில் பெருமையாக அச்சடித்துப் போடுகிறானே, சின்னப் பெண் புத்தகத்தைப் பார்த்து ஒப்பிக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மீனும் முட்டையும் நின்றன. விடியற்காலையில் பசாரில் வாங்கிய முருங்கைக்கீரையும் பாயாம் கீரையும் வீட்டு அடுப்பில் வெந்தன. வெந்த கீரையைத் தட்டில் வைப்பார். தண்ணீரை வடித்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, காலையும் மாலையும் ஒரு கிளாஸ் ஹாஜராவின் கையில் கொடுப்பார்.

முதல் நாள் ஹாஜரா கிளாஸைப் பார்த்தாள். “தண்ணியக் கொட்டணும்னுல்ல அந்தப் புள்ள சொல்லிச்சு?”

“பண்டாரிகிட்ட வந்து சாறக் கொட்டச் சொல்றதா? குடி. மனுசன் ஒடம்புக்குன்னு படைச்சது இது.”

அவள் சிரித்தாள். “கட்டிக்கிட்டு வந்ததுலருந்து எனக்குன்னு நீங்க அடுப்பு மூட்டுனது இப்பத்தான். குடுங்க.”

ஒரு சொட்டு விடாமல் குடித்தாள். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒன்பது நாள் அப்படிப் போயிற்று. சனிக்கிழமை மிஷினுக்குப் பிறகு செவ்வாய்வரை இடைவெளி நீளம். திங்கள் காலை ஹாஜரா காலில் பலமே இல்லை என்றாள். ஜபருல்லா, உடம்பில் விஷம் இறங்குகிறது, நல்ல அறிகுறி என்று சொல்லி, கிளாஸில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். மாலைக்கும் வடித்துப் பாட்டிலில் வைத்தார். அந்த மாலைக் கிளாஸுக்கு நேரம் வரவில்லை. அசர் தொழுதுவிட்டு எழ முயன்றவள் அப்படியே சரிந்தாள். சுஹானா தான் வேலை பார்க்கும் ஜுரு தொழிற்சாலையிலிருந்து கடல் பாலம் கடந்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அவசரப் பிரிவு டாக்டர், என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். ஒரு துண்டுக் கறிகூடக் கிடையாது டாக்டர், எல்லாம் இலைதான், சாறும் நான் வீணாக்கவில்லை என்று ஜபருல்லா சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார், பாவி மனிதர். டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மெதுவாக மலாயில் விளக்கினார். ஜபருல்லாவுக்கு ஸ்டெஃபனி சொன்னது ஒவ்வொரு சொல்லாகத் திரும்ப வந்தது. பக்கத்தில் நின்ற சுஹானாவும் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்றுவரை அதைப் பற்றி அவள் பேசவில்லை. திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருக்கிறது அவருக்கு.

துக்கம் கேட்க வந்தவர்களில் ஒருவர், அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றார். பழமொழிகளெல்லாம் எங்கேதான் ஒளிந்திருக்குமோ, அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகுதான் வெளியே வருகின்றன.

மூன்றாம் நாள் ஃபாத்திஹா முடிந்து எல்லாரும் போன பிறகு கார்த்திகேசு வந்தார். நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. காகிதத்தில் எழுதிக் கொடுத்தது என் கைதானே ஜபரு என்று சொல்லி விம்மினார். ஜபருல்லா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார்.

“நாம ரெண்டு பேரும் பத்து வருசமா மனுசனப் பத்திப் பேசினோம்ண்ணே. அந்த நர்சுப் பொண்ணு ஒண்ணுதான் ஹாஜராவப் பத்திப் பேசுச்சு.”

கார்த்திகேசு இப்போது அந்தக் கடைப் பக்கம் வருவதில்லை. ஜபருல்லா வேலைக்குத் திரும்பிவிட்டார், வேறு என்ன செய்ய? குழம்பு அதே ருசிதான். காய் கூடக் கேட்டால் காய் கூட வைக்கிறார். உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டச் சொல்லிப் பழைய ஆட்கள் சீண்டினால், காது கேட்காதவர் மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்கிறார்.

வீட்டில் ஐஸ் பெட்டியின் கதவுத் தட்டில் அந்தத் திங்கள்கிழமைப் பாட்டில் இன்னும் இருக்கிறது. பச்சை கறுத்து, அடியில் வண்டல் தங்கிவிட்டது. சுஹானா அதைத் தொடுவதில்லை. ஜபருல்லா தினமும் காலையில் அதை எடுத்து, மூடியைத் திருகித் திறந்து, கழுவுதொட்டிவரை கொண்டுபோகிறார். கொட்டக் கை வரவில்லை. மூடியை இறுக்கித் திரும்ப உள்ளே வைத்துவிட்டு வேலைக்குப் போகிறார்.