ஒரு கன்னத்தில் ஐந்து அடி

1. வாரம் ஒரு வரிசை

மலாய்த் தீவொன்றின் ஜார்ஜ் டவுனில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தமிழ் இண்டர்பிரட்டராக நான் சேர்ந்தது முப்பதுகளின் தொடக்கத்தில். சேர்ந்த பதினெட்டாம் நாளே ஒரு மனிதரை ஜெயிலுக்கு அனுப்பப் பார்த்தேன். அதற்குத் தேவைப்பட்டவை ஒரு பழைய புத்தகமும் என் தலைக்கனமும்தான். புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். மற்றது கைவசம் தாராளமாக இருந்தது.

இண்டர்பிரட்டர் வேலை பெரிய வித்தை இல்லை. சாட்சி தமிழில் சொல்வதை மாஜிஸ்திரேட் துரைக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், துரை கேட்பதைச் சாட்சிக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் பள்ளிக்கூட ஆங்கில வாத்தியார், கட்டுரையில் ஒரே சொல் இரண்டு முறை வந்தால் பிரம்பை எடுத்துவிடுவார். சொல் பஞ்சம் பிடித்தவன் என்பார். அந்தப் பயம் வேலைக்கு வந்த பிறகும் போகவில்லை. ஒரே பொருள் தரும் ஆங்கிலச் சொற்களை வரிசை வரிசையாக அடுக்கிய புத்தகம் ஒன்று பழைய கடையில் கிடைத்தது. வாரம் ஒரு வரிசை நெட்டுருப் போட்டேன்.

அந்த வாரம் 'ஹிட்' வரிசை. ஹிட், ஸ்ட்ரைக், பீட், திராஷ், பம்மல். அக்கரையில் இருந்த பாகான் டாலாமிலிருந்து தினமும் ஃபெரிப் படகில் வருவேன். ஐந்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்ததில், பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

அன்றைக்குப் பார்த்து ஓர் அடிதடி வழக்கு வந்தது. பசித்தவனுக்குப் பந்தியில் முதல் இலை கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

2. ஜாதகப் பொருத்தம்

புகார் கொடுத்தவர் மொய்தீன் பாய். சூலியா தெருவில் வாழைப்பழக் கடை வைத்திருந்தார். எதிரி மாரிமுத்து, மாட்டு வண்டிக்காரர். கடைவாசலில் தொங்கிய தாரில் மாடு வாயை வைத்தது. பாய் துடைப்பத்தால் மாட்டை விளாசினார். மாரிமுத்து வண்டியை விட்டு இறங்கி வந்து பாயை அடித்தார். இதில் யாருக்கும் தகராறு இல்லை.

பாய் கூண்டில் ஏறி, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திச் சொன்னார்.

"அடிச்சிட்டான் தொரை. நடுத்தெருவுல அடிச்சான். சனமெல்லாம் பாக்க அடிச்சான். என் வயசப் பாக்காம அடிச்சான். மருமகப்புள்ள நிக்கிறாரு, அவரு முன்னாடி அடிச்சான்."

அவரிடம் ஐந்து வாக்கியம், என்னிடம் ஐந்து சொல். இப்படி ஒரு பொருத்தம் ஜாதகத்தில்கூட அமையாது. முதல் வாக்கியத்துக்கு ஹிட் கொடுத்தேன். நடுத்தெருவுக்கு ஸ்ட்ரைக். சனம் பார்த்ததற்கு பீட். வயதைப் பாராததற்கு திராஷ். மருமகனுக்கு என்று பம்மலைப் பத்திரமாக வைத்திருந்தேன். என் குரல் ஏறிக்கொண்டே போனது. துரை தலை நிமிராமல் எழுதினார். ரசித்து எழுதுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

சாட்சி சொன்னது உண்மையா என்று மாரிமுத்துவிடம் கேட்கச் சொன்னார் துரை. கேட்டேன்.

"அடிச்சது நெசந்தான் தொரை. மறைக்க மாட்டேன்."

துரை பேனாவைக் கீழே வைத்தார். "இது அபராதத்தோடு விடுகிற வழக்கு அல்ல. இரண்டு மாதம் சிறை என்று நினைக்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு தீர்ப்பு."

இதை மட்டும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன். மாரிமுத்து என்னைப் பார்த்தார். "ஐயா, எனக்கு வேற ஆள் இல்ல. ரெண்டு மாசம் மாட்டுக்கு யாரு தண்ணி காட்டுறது?"

3. சாப்பாட்டு இடைவேளை

கோர்ட்டுக்குப் பின்னால் தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். மொய்தீன் பாய் முகம் வாடி வந்தார். பேச்சின் வாலில் ஒரு 'லா' போடுவது அந்த ஊர்ப் பழக்கம்.

"ஏன் தம்பி, ஒரு அறைக்கு ரெண்டு மாசமா? வெள்ளக்காரன் சட்டம் அவ்வளவு மோசமா லா?"

"ஒரு அறையா?"

"பின்ன? இந்தக் கன்னத்துல. ஒண்ணே ஒண்ணு."

"பாய், அஞ்சு தடவ சொன்னீங்களே."

"மானம் போனத ஒரு தடவ சொன்னா ஆறுமா? மருமகன் முன்னாடி வாங்கியிருக்கேன். வீட்டுல இதவிட அதிகமாச் சொல்லியாச்சு. நீ உள்ள என்னதான் சொன்ன?"

சொன்னேன். கடைசிச் சொல்லில் நிறுத்தினார்.

"பம்மல்னா என்னா?"

"ரெண்டு முஷ்டியாலயும் மாத்தி மாத்திக் குத்துறது."

பாய் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். "அப்ப நான் செத்திருக்கணுமே லா."

என் வேலை அப்போது தற்காலிகம். வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. திறந்தால் அன்று சாயங்காலமே ஃபெரியில் கடைசிப் பயணம். இதை நான் யோசித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாய் என் முகத்தைப் படித்துவிட்டார்.

"போய்ச் சொல்லு தம்பி. அவன் கோவக்காரப் பய, ஆனா பொய் சொல்லல பாரு."

தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன்.

4. ஒற்றை விரல்

துரை உட்கார்ந்து பேனாவை எடுத்துவிட்டார். மாரிமுத்து கூண்டில் நின்றார். நான் மூச்சு வாங்கிக்கொண்டே, சாட்சியத்தில் ஒரு திருத்தம் இருக்கிறது என்றேன்.

"என்ன திருத்தம்?"

"எதிரி அடித்தது ஓர் அடி சார். உள்ளங்கையால்."

துரை தாளில் விரல் வைத்து எண்ணினார். "இங்கே ஐந்து இருக்கிறது. மற்ற நான்கு?"

"அவை நான் அடித்தவை சார்."

பக்கத்தில் இருந்த ஹொக்கியன் சீனமொழி இண்டர்பிரட்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். துரை சிரிக்கவில்லை. ஸ்ட்ரைக் என்றால் ஓங்கி ஓர் அடி, பீட் என்றால் பல அடி, திராஷ் என்றால் ஆள் ஓய்கிறவரை அடி என்று ஒவ்வொன்றாக விளக்கி, விளக்கிய கையோடு ஒவ்வொன்றையும் தாளில் கோடு போட்டு அடித்தார். புத்தகத்தில் ஒரே வரிசையில் அண்ணன் தம்பிகளாக உட்கார்ந்திருந்த சொற்கள்தான். யார் கை எவ்வளவு கனம் என்று நான் விசாரிக்கவில்லை.

பிறகு பாயைக் கூப்பிட்டு எத்தனை அடி என்று கேட்டார் துரை. நான் வாயைத் திறப்பதற்குள் பாய் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டிவிட்டார். என்னை நம்பத் தயாராக இல்லை.

மாரிமுத்துவுக்குப் பத்து வெள்ளி அபராதம். எனக்குத் தண்டனை தனி. "நாளையிலிருந்து ஏழை ஆங்கிலத்தோடு வா" என்றார் துரை. வா என்றாரே, அது போதும் என்று வெளியே வந்தேன்.

இந்த வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். சாட்சி ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொன்னால், அது அவர் மனம் பட்ட பாடு. அதை அழகுபடுத்துவது நம் வேலை இல்லை. பல வருஷம் கழித்து, ஓர் அம்மா "அடிச்சான்" என்று பதினோரு தடவை சொன்னார். நானும் பதினோரு தடவை 'ஹிட்' என்றேன். புதிதாக வந்திருந்த துரை சலித்துப்போய், உங்கள் தமிழில் இதற்கு வேறு சொல்லே கிடையாதா என்றார்.

"நிறைய இருக்கிறது சார். இந்த அம்மாவுக்கு இன்று ஒன்று போதுமாம்."