வருகைக்கும் பின்னூட்டத்துக்கும் நன்றி

ராதாமணிக்குப் பிள்ளை பிறந்தது இணையத்தில்தான். வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

மதுரையில் மகாலை ஒட்டிய தெருவில் வீடு. புருஷன் துளசிராமுக்குச் சுங்குடிச் சேலை வியாபாரம். கோயில், குளம், டாக்டர் என்று அலைந்தும் குழந்தை இல்லை. கடைக் கணக்குக்கு வாங்கிய கம்ப்யூட்டர் பகலெல்லாம் சும்மா கிடக்கிறதே என்று 2006இல் சமையல் குறிப்பு எழுத ஒரு வலைப்பூ தொடங்கினாள். இரண்டு மாதம் ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை.

முதல் பின்னூட்டம் மருதுவிடமிருந்து வந்தது. அவனியாபுரத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். "மீ த ஃபர்ஸ்ட்டு! அக்கா, புளியோதரை சூப்பர். உங்க பையன் எம்புட்டு சாப்ட்டான்?"

பையன் இருப்பதாக இவனுக்கு யார் சொன்னது? இல்லை என்று எழுதத்தான் விசைப்பலகையில் கை வைத்தாள். ஆனால் இத்தனை நாள் கழித்து ஒரு மனுஷன் வந்திருக்கிறான். அவனிடம் போய் அந்தப் பழைய புலம்பலையா எடுத்துவைப்பது? "ரெண்டு தட்டு. கார்த்திகேஷுக்குப் புளியோதரைன்னா உசுரு. வருகைக்கும் பின்னூட்டத்துக்கும் நன்றி" என்று பதில் போட்டாள். போட்ட பிறகு பொய் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது. ஆனால் மனசுக்கு இனிப்பாகவும் இருந்தது.

அதற்கப்புறம் கார்த்திகேஷை வளர்த்து ஆளாக்கியது வாசகர்கள்தான். காய்ச்சல் என்றால் கஷாயம் சொன்னார்கள். கணக்கில் மார்க் குறைந்தபோது பசுமலை டீச்சர் சாவித்ரி பக்கம் பக்கமாக அறிவுரை எழுதினாள். பிளஸ் டூ பாஸானபோது வாழ்த்து குவிந்தது. மற்ற பதிவர்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒரே நன்றியாகப் போட்டுவிட்டுப் போவார்கள். ராதாமணி அப்படிச் செய்ததே இல்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து, தனித்தனியாக, வருகைக்கும் பின்னூட்டத்துக்கும் நன்றி எழுதுவாள். அந்த மூன்று வார்த்தை அவளுக்குச் சம்பிரதாயமே இல்லை; உள்ளபடியே நன்றிதான்.

2010 பொங்கலுக்கு மறுநாள் மருது எழுதினான்: "மீ த ஃபர்ஸ்ட்டு! அக்கா, நேத்து ஜல்லிக்கட்டுல நம்ம மாப்ளயப் பாத்தேன். கார்த்தின்னு கூப்ட்டேன், திரும்பிச் சிரிச்சான். தங்கமான பய."

மருது கிண்டல்காரன். சிரித்துக்கொண்டே நன்றி போட்டாள். சாவித்ரி அப்படியில்லை, காற்புள்ளியைக்கூட இடம் பார்த்து வைக்கிறவள். அடுத்த வாரம் அவளும் எழுதினாள்: "திருமங்கலம் பஸ்ஸில் ஒரு பையன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். பெயர் கேட்டேன். உங்கள் கார்த்திகேஷ்! நீங்கள் எழுதியதைவிட ஒல்லி. இடது புருவத்தில் அந்த வெட்டுத் தழும்பு எப்படி வந்தது?"

 ராதாமணி அந்தக் கடைசிக் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மூன்று வயதில் மாடிப்படியில் உருண்டு விழுந்தபோது பட்ட தழும்பு அது. விழுந்தது அவள் மனசுக்குள். ரத்தம் வந்ததும் அங்கேதான். அதை அவள் எழுதியதும் இல்லை, யாரிடமும் சொன்னதும் இல்லை.

துளசிராம் சாப்பிட வந்தபோது தன்னை அறியாமல் மூன்று தட்டு வைத்தாள். அவர்கள் பேசிக்கொள்வது சௌராஷ்டிர மொழியில். தமிழில் சொன்னால் இப்படி வரும்.

"இது யாருக்கு?"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்வார் என்றுதான் நினைத்தாள். அவரோ சோற்றில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "அம்புட்டுப் பேருமா நம்புறாங்க?" என்றார்.

"நம்புறாங்களா? பாக்குறாங்கங்க."

"வேணாம் ராதா. உள்ளத எழுதிரு. பொறக்காத புள்ளைக்குன்னு நம்ம வச்ச பேரு தனியா ஊருக்குள்ள அலையக் கூடாது. நாளைக்கே அந்த டீச்சர் வீட்டுக்கு வந்து நின்னா யாரக் காட்டுவ?"

எழுதினால் பிள்ளை போய்விடும். எழுதாவிட்டால், அவனை வளர்த்துக் கொடுத்த அத்தனை நல்ல மனுஷர்களையும் ஏமாற்றிய பாவம். இரண்டில் எது பெரியது என்று யோசித்து யோசித்து அவளுக்கு மண்டை காய்ந்தது.

மறுநாள் மத்தியானம், அவர் கடைக்குப் போன பிறகு எழுதினாள். தலைப்பு, 'வாசகர்களுக்கு நன்றி'. ஒருவர் பெயரையும் விடவில்லை. கஷாயம் சொன்னவரை, தேர்வுக்கு முன்னால் சாமி கும்பிட்டவரை, எல்லாரையும் நினைத்து எழுதினாள். கடைசி வரி: "கார்த்திகேஷ் என்று எனக்கு மகன் கிடையாது." வெளியிட்டதும் வாய்விட்டு அழுதாள். வீடு துக்க வீடு மாதிரி ஆகிவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. மருதுதான், திட்டப்போகிறான் என்று திறந்தாள். அவன் பெயர் இல்லை. கார்த்திகேஷ் என்றிருந்தது.

"மீ த ஃபர்ஸ்ட்டு! அம்மா, கடைசி வரி மட்டும் தப்பா விழுந்திருச்சு. பாத்துத் திருத்திரும்மா."

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைக்கப் பார்த்தாள். மனசு ஒப்பவில்லை. அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டுப் பதிவைத் திரும்பச் சேமித்தாள். பிறகு பதில் எழுத உட்கார்ந்தாள். விரல்கள் பழக்கத்தில் தாமாகவே ஓடின. 'வருகைக்கும் பின்னூட்டத்துக்கும்' வரை வந்து நின்றன.

பெற்ற பிள்ளைக்கு எந்தத் தாயாவது நன்றி சொல்வாளா? எல்லாவற்றையும் அழித்துவிட்டு, "சாப்ட்டியாய்யா?" என்று மட்டும் எழுதினாள்.

பதில் உடனே வந்தது.

"இல்லம்மா. வீட்டுக்குத்தான் வாரேன்."

ராதாமணி எழுந்து போய் உலை வைத்தாள்.