ஆறாவது மேஸ்திரி

முட்டைக் கரைசலைக் கல்லில் ஊற்றும்போது பொன்னுச்சாமி கல்லைப் பார்ப்பதில்லை. கண் எதிர்ச்சுவர் டிவியில் இருக்கும். அங்கே அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை இரவு. இங்கே குவைத்தில் திங்கட்கிழமை காலை. அமெரிக்கக் கால்பந்து. ஹெல்மெட் போட்ட இருபத்திரண்டு பேர் எதிரும் புதிருமாகக் குனிந்து நிற்கிறார்கள். பந்து கை மாறுகிறது. ஒருவர்மேல் ஒருவர் போய் விழுகிறார்கள். விசில் கேட்கிறது. அந்த விசிலுக்குத்தான் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவார். ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் நடுவே நாற்பது நொடி. அதற்குள் மடித்துத் தட்டில் தள்ளிவிட்டு அடுத்ததை ஊற்றிவிடலாம் என்பது மூன்று வருடத்தில் அவரே கண்டுபிடித்தது. ஆட்டம் சூடுபிடித்தால் ஆம்லெட் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்துபோகும். வரிசையில் நிற்கும் சிப்பாய்கள் அதற்கு ஒன்றும் சொல்வதில்லை. அவர்களும் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வயது நாற்பத்தொன்று. முதுகுளத்தூர்ப் பக்கம் கட்டட வேலைக்குக் கையாளாகப் போய்க்கொண்டிருந்தவர், 2004இல் கேட்டரிங் கம்பெனி விசாவில் குவைத் வந்தார். தங்கியிருப்பது ஃபர்வானியாவில், கம்பெனி வாடகைக்கு எடுத்த கட்டடத்தில், எட்டுப் பேர் படுக்கும் ரூமில். வேலை தெற்கே பாலைவனத்துக்குள் இருக்கும் அமெரிக்கப் படை முகாமின் சாப்பாட்டுக் கூடத்தில். விடிவதற்கு முன்பே பஸ் வந்துவிடும். பஸ்ஸில் எல்லாரும் தூங்குவார்கள். பொன்னுச்சாமி மட்டும் திங்கட்கிழமைகளில் தூங்குவதில்லை. "மேட்ச்சு ஆரம்பிச்சிருப்பாகல்ல" என்று டிரைவரின் கழுத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு வருவார்.

முதல் நாள் அந்த ஆட்டத்தைப் பார்த்தபோது நடந்ததை அவரே சொல்லிச் சிரிப்பார். "ஏதோ கலவரம்னுல்ல நெனச்சேன். போலீசு வருவாகன்னு பாத்தா, ஒருத்தரு விசிலு ஊதுறாரு, எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டுத் திருப்பியும் அடிச்சுக்கிறாக." இரண்டாவது மாதத்தில் அவருக்கு ஒன்று பிடிபட்டது. அத்தனை கூச்சலுக்கும் நடுவே ஓர் ஆள்தான் எல்லாருக்கும் வேலை சொல்கிறார். சிப்பாய்கள் அவரைக் குவார்ட்டர்பேக் என்றார்கள். பொன்னுச்சாமிக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. மேஸ்திரி என்று வைத்துக்கொண்டார்.

"பந்து மொதல்ல அவரு கைக்குத்தான் வரணும். யாரு ஓடணும், யாரு மறிக்கணும், எல்லாம் அவரு சொல்லு. கடைசில அடி விழுறதும் அவருக்குத்தான். அப்ப மேஸ்திரிதானப்பா?"

ரூமில் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனவர் லுக்மான். காயல்பட்டினத்துக்காரர், அதே கூடத்தில் சாயங்கால ஷிப்ட். யாராவது புதிதாக ரூமுக்கு வந்தால், "இவர் நம்ம அண்ணன், அமெரிக்காவுல கோச்சு வேலைக்கு மனு போட்டிருக்காரு, விசா வரணும்" என்று அறிமுகம் செய்துவைப்பார். பொன்னுச்சாமி கோபப்படமாட்டார். "சிரி சிரி" என்பதோடு சரி.

முகாமில் அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு. வால்டர் சார்ஜென்ட். ஆறடிக்கு மேல் உயரம், நாலு முட்டை ஆம்லெட், வெங்காயம் கூடாது. வால்டர் உயிரை விடும் அணி ஒன்று இருக்கிறது. மூன்று வருடத்தில் ஆறு மேஸ்திரிகளை மாற்றிய அணி. அதன் பெயரைச் சொன்னாலே அவர் முகம் சுருங்கிவிடும் என்பதால் பொன்னுச்சாமி சொல்லமாட்டார். தட்டை நீட்டும்போது புருவத்தை மட்டும் உயர்த்துவார். வால்டர் கட்டைவிரலைக் கீழே கவிழ்த்துக் காட்டுவார். இருவருக்கும் இடையே ஓடும் ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் குறைவு, கையசைவு அதிகம். ஆனாலும் ஒரு பெரிய வழக்கையே அந்த மொழியில் நடத்தினார்கள்.

பொன்னுச்சாமியின் கட்சி, மேஸ்திரியை அடிக்கடி மாற்றும் அணி உருப்படாது என்பது. வெறும் வாயால் சொல்லவில்லை. முட்டை வரும் அட்டைப் பெட்டியின் மடிப்பைக் கிழித்து, முப்பத்திரண்டு அணிக்கும் ஒவ்வொரு வரி போட்டு, ஆள் மாறினால் ஒரு கோடு, ஜெயித்தால் ஒரு புள்ளி என்று வைத்துக்கொண்டே வந்தார். வருடம் பதினாறு ஆட்டத்துக்கும் ஒரே மேஸ்திரி நின்ற அணிகளின் வரியில் புள்ளி மொய்த்துக் கிடந்தது. மூன்று கோடு விழுந்த வரிகள் சொட்டையாக இருந்தன. வால்டரின் கட்சி நேரெதிர். மாற்றியதால் தோற்கவில்லை, தோற்றதால் மாற்றுகிறார்கள். ஜெயிக்கிறவனை எவன் மாற்றுவான் என்று கேட்டார். பொன்னுச்சாமி அதையே இரண்டு நாள் யோசித்தார். அட்டையில் தன் கட்சிக்கு எதிராக ஒரு வரி இருப்பதையும் அவரே காட்டிக்கொடுத்தார். ஓர் அணியில் பழைய மேஸ்திரிக்கு அடிபட்டு, ஓரத்தில் நின்றவர் உள்ளே வந்து, அதற்கப்புறம்தான் புள்ளியாகக் கொட்டியிருந்தது. "இருக்கிறத மறைக்கப்படாதுல்ல" என்று லுக்மானிடம் சொல்லிக்கொண்டார்.

அந்த ஓரத்தில் நிற்கிற ஆள்மேல் அவருக்குத் தனி அக்கறை. தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, கையில் எழுதுகிற அட்டையுடன் கோட்டுக்கு வெளியே நிற்பார். மேஸ்திரி விழுந்தால் இவர் உள்ளே போக வேண்டும். அதுவரை அந்த மேஸ்திரிக்குத்தான் உதவி செய்ய வேண்டும். எதிராளி எங்கே நிற்கிறான், என்ன செய்யப்போகிறான் என்று பார்த்துப் பார்த்து எழுதிச் சொல்ல வேண்டும். இதை வால்டர் விளக்கியபோது பொன்னுச்சாமி நம்பவில்லை. "தனக்கு வர வேண்டிய எடத்துல இருக்கிறவனுக்கு எவனாச்சும் சொல்லிக் குடுப்பானா?" என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

கேட்டவருக்கே 2007 நவம்பரில் அந்தக் கேள்வி திரும்பி வந்தது.

சாப்பாட்டுக் கூடத்திலும் மேஸ்திரிகள் உண்டு. சூப்பர்வைசர் என்று பெயர், சிவப்புத் தொப்பி அடையாளம். ஒன்றரை வருடத்தில் நாலு பேர் மாறிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம். முக்கியமாக முட்டை விஷயத்தில். அந்த முகாமில் ஓட்டோடு முட்டை கிடையாது. உடைத்த முட்டைக் கரைசல், பால் பாக்கெட் போல அட்டைப் பெட்டியில், உறைந்து வரும். அதை முதல்நாளே உறைபெட்டி அறையிலிருந்து எடுத்துச் சாதாரணக் குளிர் அறையில் வைத்தால்தான் காலையில் இளகியிருக்கும். முதல் சூப்பர்வைசர் அதைச் சாயங்கால ஷிப்டிடம் விட்டார். இரண்டாமவர் காலை ஷிப்டிடம் மாற்றினார். மூன்றாமவர் சுவரில் அட்டவணை ஒட்டினார். நாலாமவர் அட்டவணையைக் கிழித்தார். யாரையும் நம்பாத மனிதர். யாருக்கும் சொல்லாமல் தானே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பொன்னுச்சாமி அவர் பெட்டிகளைச் சுமந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறார். நமக்கென்ன என்று இருந்துவிட்டார்.

அந்த நாலாமவரை ஒரு வியாழக்கிழமை வேறு சைட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஐந்தாவதாக வந்தவர் கலீலுர் ரஹ்மான், கீழக்கரைக்காரர். மெல்லிய குரல், வேகமான நடை, யாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். பழையவர் எடுத்து வைத்திருந்த பெட்டிகள் ஞாயிற்றுக்கிழமை வரை ஓடின. திங்கட்கிழமை காலை குளிர் அறையில் ஒன்றுகூட இல்லை. உறைபெட்டி அறையில் இருந்தவை செங்கல்.

அன்று பார்த்துப் பயிற்சிக்குப் புறப்படும் அறுநூறு பேர் வரிசையில் நின்றார்கள். கலீலுர் ரஹ்மான் பெட்டிகளை வெந்நீரில் போடச் சொன்னார். வெளிப்பக்கம் வெந்துபோனது, நடுவில் பனிக்கட்டி. பொன்னுச்சாமி கரண்டியும் கையுமாகக் காலிக் கல்லின் முன்னால் நின்றார். கல் புகைந்துகொண்டிருந்தது. வால்டர் வெறும் ரொட்டியை எடுத்துக்கொண்டு, கட்டைவிரலைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போனார். அன்று டிவியில் யார் ஜெயித்தார்கள் என்று பொன்னுச்சாமிக்குத் தெரியாது.

முகாம் அதிகாரி கம்பெனிக்குப் புகார் எழுதினார். மறுநாள் மானேஜர் பொன்னுச்சாமியைக் கூப்பிட்டார். மும்பைக்காரர், எதையும் நின்றுகொண்டே பேசுவார். புதியவனால் முடியவில்லை, அவனுக்கு கலாஸ், கணக்கு முடிந்தது, விசாவை கேன்சல் செய்து அனுப்பப்போகிறேன், நீ மூன்று வருடமாக இருக்கிறாய், சிவப்புத் தொப்பியை நீ போட்டுக்கொள் என்றார். வியாழக்கிழமைக்குள் பதில் வேண்டும்.

ரூமுக்கு வந்தபோது செய்தி அவருக்கு முன்பே வந்திருந்தது. லுக்மான் தலையணை உறையைத் தலையில் மாட்டி சல்யூட் அடித்தார். சூப்பர்வைசருக்கு இரண்டு பேர் ரூம். வருடத்துக்கு ஒரு தடவை லீவு. மற்றவர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதான். பொன்னுச்சாமி மனைவி மீனாம்பாளுக்குப் போன் போட்டார். சொல்லவேண்டாம் என்றுதான் போட்டார். பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். மீனாம்பாள் லீவு விஷயத்தைத்தான் பிடித்துக்கொண்டார்.

"அப்ப வருசா வருசம் வருவீகளா?"

"அப்டித்தான் சொல்றாக."

"சந்தியாகிட்ட சொல்லிரட்டா?"

மகள் சந்தியா எட்டாவது படிக்கிறாள். பொன்னுச்சாமி, சொல்ல வேண்டாம், வியாழக்கிழமை போகட்டும் என்றார்.

அன்று அட்டையை மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காலியாக இருந்த ஓர் ஓரத்தில் புதிதாக ஒரு வரி போட்டார். நாலு கோடு. ஐந்தாவது கோடு. ஆறாவதைப் போடப் பேனாவை வைத்தவர் போடவில்லை. லுக்மான் எட்டிப் பார்த்து, இது எந்த ஊர் டீம் என்று கேட்டார்.

"நம்ம டீமுதான். வால்டரு சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. மாத்துறதால தோக்குறாக, தோக்குறதால மாத்துறாக. செக்கு மாடு மாதிரி சுத்திக்கிட்டே கெடக்கு. எவனாச்சும் ஒருத்தன் நிறுத்தணும்ல?"

"அந்த ஒருத்தன் நீங்கதானா இருக்கணுமாண்ணே? தொப்பிய மாட்டிக்கிட்டு அப்புறமா நிறுத்துங்க."

பொன்னுச்சாமி பேனாவை மூடினார். அவருக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. டிவியில் அவர் எத்தனையோ முறை பார்த்தது அது. புது மேஸ்திரி வந்த முதல் வாரங்களில் பந்து எறியும்போது தவறுவதைவிட, குனிந்து நிற்பவர் அதை அவர் கையில் கொடுக்கும்போது தவறுவதுதான் அதிகம். கீழே விழுந்தால் பழி மேஸ்திரிக்கு. கொடுத்தவன் பெயரை யாரும் சொல்வதில்லை.

வியாழக்கிழமை மானேஜர் அறைக்குள் போய்விட்டுப் பத்து நிமிடத்தில் வெளியே வந்தார். உள்ளே ஹிந்தியில் நடந்ததைப் பிறகு லுக்மானிடம் தமிழில் சொன்னார்.

"முட்டைய யாரு எடுத்து வச்சுக்கிட்டிருந்தாருன்னு எனக்குத் தெரியும் சார்னேன். புதுசா வந்த பாய்கிட்ட அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா வெவகாரமே இல்ல. நான் சொல்லல. யாரும் கேக்கலன்னு இருந்துட்டேன். தப்பு என்னுதுன்னேன். அவரு மொறைச்சாரு. இப்ப என்னயப் போட்டாலும் இன்னொன்னு எங்கிட்டு விழும்னு எனக்குத் தெரியாது சார், பாயிக்குப் பதினாறு வாரம் குடுங்கன்னேன்."

"பதினாறா? அதென்ன கணக்கு?"

"அது... ஒரு சீசன்."

மானேஜர் எட்டு வாரம் கொடுத்தார். அதற்குள் இன்னொரு முறை முட்டை கல்லாகக் கிடந்தால் இருவரையும் ஒரே விமானத்தில் ஏற்றிவிடுவேன் என்றார். லுக்மான் அதைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல், "கிறுக்குதாண்ணே ஒங்களுக்கு" என்றார். அன்று மீனாம்பாளுக்குப் போன் போட்டபோது பொன்னுச்சாமியே முதலில் பேசினார். கிடைக்கவில்லை என்று மழுப்பவில்லை, நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றார். மறுமுனையில் கரண்டி பாத்திரத்தில் மோதும் சத்தம் கேட்டது. "சாப்பிட்டீகளா?" என்று கேட்டுவிட்டு மீனாம்பாள் போனை வைத்துவிட்டார்.

இன்னும் எட்டு வாரம் முடியவில்லை. கலீலுர் ரஹ்மானுக்கு நடந்தது பாதிதான் தெரியும். தவணையின் முதல் நாள் வந்து, "அண்ணே, எனக்காக நீங்க ஏன்..." என்று ஆரம்பித்தார். பொன்னுச்சாமி முடிக்கவிடவில்லை. "அத விடுங்க பாய். மொதல்ல மாவு மூட்ட எங்க அடுக்குறாகன்னு காட்டுறேன் வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனார். வால்டரின் அணி ஏழாவது மேஸ்திரியைப் போட்டிருக்கிறது. இந்த ஆள் பிரமாதம் என்கிறார் வால்டர். பொன்னுச்சாமி புருவத்தை உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்கிறார்.

காலை ஷிப்டுக்கு ஒரு மணிக்குத் திரும்பும் பஸ். இப்போதெல்லாம் அவர் அதில் ஏறுவதில்லை. சாயங்கால ஷிப்ட் வந்து சேரும்வரை இருக்கிறார். உறைபெட்டி அறைக் கதவைக் கலீலுர் ரஹ்மான் திறந்து, பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து லுக்மானிடம் கொடுக்கிறார். வெண்புகை மூவர் காலையும் சுற்றி வருகிறது. பொன்னுச்சாமி தன் நீலத் தொப்பியின் முனையைப் பின்பக்கம் திருப்பி வைத்துக்கொள்கிறார். எழுதுகிற அட்டையை நெஞ்சோடு அணைத்து, கலீலுர் ரஹ்மானுக்கு ஓரடி பின்னால், கதவுக்கோட்டுக்கு வெளியே நின்று, ஒவ்வொரு பெட்டியும் கை மாறும்போது ஒரு கோடு போடுகிறார்.