கியர் ஆயிலுக்குக் காற்று வாங்க ஓர் இடம்

கியர் ஆயிலுக்குக் காற்று வாங்க இடம் பிடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஆட்டோமேட்டிக் காரை வைத்துக்கொண்டு வடசென்னையில் ஓட்டியவரா நீங்கள்? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான், விளக்கமே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கிளட்ச் மிதிக்கிற வேலை நமக்கு மிச்சம். அந்த வேலையைக் கியர் பெட்டிக்குள் இருக்கும் சிவப்பு ஆயில் செய்கிறது. நெரிசலில் ஊர்ந்தால் அது கொதிக்கும். கொதித்தால் கியர் வழுக்கும். இன்ஜின் உறுமும், வண்டி நகராது.

அந்த ஆயிலைத் தணிக்க நோட்டுப் புத்தகம் அளவில் ஒரு கூலர் உண்டு. பார்க்கக் குட்டி ரேடியேட்டர் மாதிரி இருக்கும். இரண்டு ரப்பர் ஹோஸ், நாலு போல்ட்டு, ஒரு மணி நேர வேலை. அதை எங்கே மாட்டுவது என்பதற்குத்தான் சில சமயம் ஒரு வாரம் ஆகும். துறைமுகத்தில் பத்து வருஷம் ஃபோர்க்லிஃப்ட்டு ரிப்பேர் பார்த்துவிட்டு, தொண்ணூறுகளின் கடைசியில் காலடிப்பேட்டையில் ஷெட் போட்டேன். அப்போது இந்தப் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் கார்கள் குறைவு. இருந்ததெல்லாம் என்னிடம் வந்தன.

முன்சீட்டுச் சண்டை

ஷெட்டில் பாதி எனக்கு, பாதி பீட்டருக்கு. பீட்டர் ராயபுரத்துக்காரன், ஏ.சி. மெக்கானிக். நல்ல தோஸ்து. ஆனால் தொழிலில் எங்களுக்குள் தீராத ஒரு வழக்கு இருந்தது. காரின் மூக்குக்குப் பின்னால் காற்று நேராக அடிக்கிற இடத்தில் ஏ.சி.யின் சூட்டை வெளியே தள்ளும் கண்டென்சர் உட்கார்ந்திருக்கும். எனக்கும் அதே இடம்தான் வேண்டும்.

முதலில் வந்தவர் கஸ்டம்ஸ் கிளியரிங் ஏஜென்ட் ஒருவர். கனத்த உடம்பு. பழைய ஜப்பான் கார். பாரிமுனைக்குப் போய் வருவதற்குள் கியர் வழுக்குகிறது என்றார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், இருப்பதிலேயே பெரிய கூலராகப் பார்த்து வாங்கி, கண்டென்சரை முக்கால்வாசி மறைத்து மாட்டினேன். பீட்டர் எட்டிப் பார்த்து, "மாமு, என் காத்த பூரா நீயே குடிச்சிட்டியே" என்றான். பொறாமை என்று விட்டுவிட்டேன். என் கூலரிலிருந்து வரும் சூடு நேராக அவன் கண்டென்சர் மேல்தான் விழும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

நாலாம் நாள் மத்தியானம் ஏஜென்ட் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கியரு ஜில்லுனு கீதுப்பா. நான்தான் உள்ள வெந்துகினு கீறேன்."

அன்றைக்கே சின்ன கூலராக மாற்றி, ஓரமாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்டினேன். பீட்டரைக் கேட்காமல் அந்த இடத்தில் கை வைப்பதில்லை என்று அன்று எடுத்த முடிவை இன்று வரை மீறியதில்லை.

மூஞ்சில கை வைக்காத

காசிமேட்டில் மூன்று விசைப்படகு வைத்திருந்த ஒருவர், மகளுக்காக வாங்கிய வெள்ளைக் காரைத் தானே ஓட்டிக்கொண்டிருந்தார். கூலர் போடச் சம்மதித்தார். ஆனால் முன்பக்கத்தைக் கழற்ற விடமாட்டேன் என்றார். "வண்டிக்கு அழகே அந்த மூஞ்சிதான் நைனா. அதுல கை வைக்காத. அடியில எங்கனா மாட்டு."

பம்பருக்குக் கீழே மாட்டினால் காற்று பிரமாதமாக வரும். கல்லும் வரும், மேடும் வரும். சொல்லிப் பார்த்தேன். அவர் போகும் இடம் மீன்பிடித் துறைமுகம், உப்புத் தண்ணீர் வேறு தெறிக்கும் என்றும் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் கம்பி வலை ஒன்றைக் காப்புக்குக் கட்டி, அடியிலேயே மாட்டிக் கொடுத்தேன். அது என் தப்புதான். தெரிந்த வேலையைத் தெரியாதவர் சொன்னபடி செய்தால் அதன் பலன் செய்தவனுக்குத்தான்.

இரண்டு வாரம் கழித்து, ஏலக்கூடத்துக்குப் பக்கத்துச் சரிவில் ஏறும்போது கூலர் சிமென்ட்டு விளிம்பில் இடித்துக் கிழிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. காரை நிறுத்திவிட்டு ஏலத்துக்குப் போய், ஒரு மணி நேரம் கழித்து வந்து கிளப்பியிருக்கிறார். இன்ஜின் ஓடுகிறது, கார் அசையவில்லை. ஐஸ் பெட்டி தள்ளுகிறவர்கள் ஆறு பேர் சேர்ந்து ரோடு வரைக்கும் தள்ளினார்கள். நான் போய்ப் பார்த்தபோது ஏலக்கூடத்துப் பக்கம் கார் முதலில் நின்ற இடத்தில் சிவப்பாக ஒரு குளமே தேங்கியிருந்தது. இவ்வளவு ஆயில் போயிருக்கிறது, காரில் ஏறும்போது ஒரு தடவை குனிந்து பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் சுற்றிலும் கை காட்டினார். தரை முழுக்கச் சிவப்பாகத்தான் இருந்தது.

"மீன் ரத்தம்னு நெனச்சிட்டேன் நைனா."

டாக்டரம்மாவும் கன்டெய்னர் லாரியும்

இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டாக்டரம்மா பிரசவம் பார்ப்பவர். வீடு திருவொற்றியூரில், கிளினிக் மணலி புதுநகரில். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனதால் காலில் இரும்புச் சட்டம் போட்டு நடப்பார். கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் ஆட்டோமேட்டிக்தான் அவருக்குக் கார்.

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோடு அது. ஒரு நாள் காலையில், பிரசவ வலி எடுத்த பெண் ஒருத்தி கிளினிக்கில் காத்திருக்க, வரிசைக்கு நடுவில் இவர் காரில் கியர் வழுக்கி நின்றுவிட்டது. இறங்கி, லாரிகளுக்கு இடையில் அந்தக் காலோடு நடந்திருக்கிறார். எதிர்ப்பக்கம் வந்த லாரி டிரைவர் ஒருவர் பார்த்துவிட்டு, கேபினில் தூக்கி உட்காரவைத்து, வண்டியைத் திருப்பிக் கொண்டுபோய் விட்டார். போய்ச் சேர்வதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. நர்ஸம்மா கெட்டிக்காரி, ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டு என்னைக் கேட்டார்: "இனிமே நடக்காதுன்னு உங்களால சொல்ல முடியுமா, தயாளன்?"

திறந்து பார்த்தேன். முன்னாலேயே யாரோ கூலர் மாட்டியிருந்தார்கள், அதுவும் சரியான இடத்தில்தான், கிரில்லுக்குப் பின்னால். ஆனால் அந்த இடம் ஓடுகிற காருக்குத்தான் சரி. இவர் காரோ பாதி நேரம் நிற்கிறது. நிற்கிற காருக்குக் காற்று எங்கிருந்து வரும்? முன்னால் நிற்கும் லாரியின் புகைதான் வரும். அவர் ஓட்டும் ரோட்டைப் பார்க்காமல் காரை மட்டும் பார்த்து யாரோ மாட்டியிருக்கிறார்கள்.

இரண்டு நாள் யோசித்தேன். இடது பக்க மட்கார்டுக்குள், சக்கரத்துக்கு முன்னால், கண்ணாடி கழுவும் தண்ணீர் டப்பா இருந்தது. அதை இடம் மாற்றி அங்கே கூலரை வைத்தேன். அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஃபேன். சூடு ஏறினால் தானாகச் சுற்றும்படி சுவிட்ச். உள்ளே காற்று வரவும் வெளியே போகவும் வழி வெட்டி, கல் படாமல் வலை போட்டேன். ஹோஸ் இரண்டையும் சைலன்சர் பக்கமே போகவிடாமல் சுற்றிக் கொண்டுவந்தேன். பீட்டர் கூட, "இது கச்சிதமா கீது மாமு" என்றான்.

திங்கட்கிழமை காலை, வரிசை நீளமாக நிற்கும் நேரமாகப் பார்த்து அவரோடு நானும் போனேன். ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தோம். வேலை மேல் எனக்கு நம்பிக்கை இருந்தது. ஆனாலும் அந்தக் கால் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இறங்கி, மட்கார்டில் காதை வைத்து ஃபேன் சுற்றுகிறதா என்று கேட்பேன். ஹோஸைத் தொட்டுப் பார்ப்பேன். திரும்ப ஏறுவேன். டாக்டரம்மா டப்பாவைத் திறந்து நிதானமாக இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாவது முறை கதவைத் திறந்தபோது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"லேபர் வார்டுக்கு வெளிய நிக்கிற புருஷன் மாதிரியே இருக்கீங்க. உள்ள வந்து உட்காருங்க, எல்லாம் நல்லபடியா நடக்குது."

ரோஜா மாலை

பீட்டரின் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம். கிளியரிங் ஏஜென்ட் தன் காரை மணப்பெண்ணுக்காகக் கொடுத்தார். பூக்கடைக்காரர் கார் மூக்கு முழுவதும் ரோஜாவும் மல்லிகையுமாகப் பாய் பின்னிப் போர்த்தியிருந்தார். நானும் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று நினைத்தேனே தவிர, வேறு ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பீட்டருக்கும் ஏறவில்லை. இந்த ஏரியாவில் காருக்குக் காற்றோட்டம் பற்றித் தெரிந்த ரெண்டே பேர் நாங்கள்தான்.

பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் போனோம். உள்ளே ஏ.சி. வேறு. சர்ச்சுக்கு இரண்டு தெரு இருக்கும்போது இன்ஜின் உறுமியது, கார் நின்றுவிட்டது. பேண்டுக்காரர்கள் தெரியாமல் முன்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். பாதர் காத்திருக்கிறார், மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். நானும் பீட்டரும் ஓடிப்போய் அந்தப் பூப்பாயின் முன்னால் நின்றோம். பீட்டருக்குக் கை வரவில்லை. அவன் தங்கைக்காக ஆசை ஆசையாகச் சொல்லிச் செய்த அலங்காரம்.

"பிச்சிடவா?" என்றேன். பின்கதவுக் கண்ணாடி இறங்கியது. வெள்ளைக் கவுனில் ஸ்டெல்லா தலையை நீட்டினாள்.

"எடுத்துக் கடாசுண்ணா. பூவு எனுக்கு வெச்சா போதும், வண்டிக்கா கல்யாணம்?"

பிய்த்தோம். ஃபேன் காற்று படும்படி கால் மணி நேரம் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் தணிந்ததும் கார் கிளம்பியது, கல்யாணம் நடந்தது.

இத்தனை வருஷத்தில் எத்தனையோ கார்களின் மூக்கைத் திறந்து பார்த்து நான் தெரிந்துகொண்டது இதுதான்: கூலருக்கு ஏற்ற இடம் எல்லாக் காரிலும் நிச்சயம் ஒன்று இருக்கிறது, அங்கே ஏற்கெனவே வேறொன்று உட்கார்ந்திருக்கிறது.