ஸ்டியரிங் அக்கா

பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டிய கை. சும்மா இரு என்றால் இருந்துவிடுமா?

நகரம் நாலா பக்கமும் பெருத்துக்கொண்டே போனதில், பெரிய சாலையின் நடுவே தண்டவாளம் போட்டு இலகு ரயில் விட முடிவானது. ஓட்டுவதற்குப் பேருந்துப் பணிமனையிலிருந்தே ஆட்களை எடுத்தார்கள். அவளும் பெயர் கொடுத்தாள். காரணம் ஒன்றே ஒன்றுதான்: தேர்ச்சி பெறுகிறவர்களுக்குக் காலை ஷிப்ட்.

அவள் கணவருக்கு ரொட்டி பேக்கரியில் வேலை. விடியுமுன் போய், மதியம் பன்னிரண்டுக்கு மாவு படிந்த புருவத்தோடு வருவார். ஒரு மணிக்கு அவள் பேருந்தில் ஏற வேண்டும். அவள் வேலை முடிந்து வரும்போது அவர் தூங்கி வெகுநேரமாகியிருக்கும். வார விடுமுறையும் ஒரே நாளில் அமையாது. ஒன்பது வருடக் குடித்தனம் அந்த ஒரு மணி நேரத்துக்குள்தான் நடந்தது. சண்டையைக்கூட அரைகுறையாகத்தான் போட முடியும். மறுநாள் தொடரலாமென்றால், எங்கே விட்டோம் என்பது இருவருக்குமே மறந்துபோயிருக்கும்.

ரயிலில் ஸ்டியரிங் கிடையாது. இடது கைக்கு ஒரு பிடி உண்டு. முன்னே தள்ளினால் ஓடும், பின்னே இழுத்தால் வேகம் குறையும். ஓட்டுநர் மயங்கி விழுந்தாலும் விபத்து நேரக்கூடாது என்று, பிடியை விட்ட மறுகணம் வண்டி தானாகவே சடாரென்று நின்றுவிடும்.

அங்கேதான் வந்தது வினை. தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி தெரிந்தால் போதும். அவளுடைய இடது கை பிடியை விட்டுவிடும்; இரண்டு கைகளும் சேர்ந்து, இல்லாத ஸ்டியரிங்கைக் காற்றில் ஒடிக்கும். வண்டி குலுங்கி நிற்கும். பயணிகளுக்குப் பதிலாக அடுக்கியிருந்த மணல் மூட்டைகள் சரியும். பயிற்சிக்கு வந்த மற்றவர்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். விழுந்தவர்களில் ஒருவன் கேட்பான்:

"ஸ்டியரிங் அக்கா, பள்ளத்தைத் தாண்டியாச்சா?"

"நான் தாண்டிட்டேன். நீதான் பள்ளத்துல கிடக்குறே."

வாய்க்குக் குறைச்சலில்லை. ஆனால் இரண்டு தேர்வுகள் போய்விட்டன. பயிற்சி அதிகாரி அவளைவிடப் பத்து வயது இளையவன். வண்டிக்குள் அவனை 'சார்' என்பாள்; இறங்கியதும் 'தம்பி'.

"அக்கா, இன்னும் ஒரே தடவைதான். வெள்ளிக்கிழமை. அதுலயும் கையை விட்டீங்கன்னா பழையபடி பஸ்தான். நான் ஒண்ணும் பண்ண முடியாது."

"எனக்குப் புரியுது தம்பி. இந்தக் கைக்குத்தான் புரிய மாட்டேங்குது."

அன்று மதியம் கணவரிடம் சொன்னாள். அவர் தட்டை ஒதுக்கிவிட்டு, மேசைமேல் முஷ்டியை மடக்கி வைத்தார்.

"இதுதான் உன் பிடி. புடிச்சுக்கோ."

பிடித்தாள்.

"நாய்!"

அவள் கைகள் பறந்தன.

"போச்சு. நாப்பது பேர் கீழ விழுந்தாச்சு."

"இப்படித் திடீர்னு கத்தினா?"

"பின்னே, நாய் சொல்லிட்டா வரும்?"

நாலு மதியம் இதே கூத்து. குடை பிடித்த ஆள் வந்தான், இரண்டு சைக்கிள் வந்தது. "உன் அண்ணன்!" என்றார் ஒருநாள்.

"அவனுக்கெல்லாம் நிறுத்த முடியாது."

நாலாம் நாள் கை நின்றது. விடாமல் பிடித்திருந்தபோதுதான் அவருடைய மணிக்கட்டில் நீளமாக ஒரு தழும்பைப் பார்த்தாள்.

"இது எப்போ?"

"போன வருஷம். அடுப்புத் தட்டு பட்டுது."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே?"

"சொல்லத்தான் ஆரம்பிச்சேன். ஒரு மணி ஆயிடுச்சு."

அவள் பிடியை இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

வெள்ளிக்கிழமை, சந்தை வளைவில், மர பீரோ ஏற்றிய கைவண்டி ஒன்றின் சக்கரம் தண்டவாளப் பள்ளத்தில் மாட்டிக்கொண்டு நின்றது. அவள் வலது கை எழுந்து காற்றை ஒடித்தது. இடது கை அசையாமல் பிடியைப் பின்னே இழுத்தது. காலால் மணியை அழுத்தினாள். கைவண்டிக்கு ஆறடி முன்னால் ரயில் மெல்ல நின்றது. ஒரு மணல் மூட்டைகூடச் சரியவில்லை.

அதிகாரி அந்தரத்தில் நின்ற வலது கையைப் பார்த்தான். "அது எங்கக்கா போகுது?"

"அது பஸ்ல போகுது சார். நான் ரயில்ல வர்றேன்."

சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டான்.

காலை ஷிப்டின் முதல் நாள், மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். கதவைத் திறந்த கணவர் திகைத்து நின்றார்.

"எத்தனை மணிக்குக் கிளம்பணும்?"

"எங்கேயும் கிளம்ப வேண்டாம்."

"அப்போ என்ன பண்றது?"

"தெரியலையே."

கொஞ்ச நேரம் இருவரும் விருந்தாளிகள் மாதிரி நின்றார்கள். பிறகு அவர், "இந்த நேரத்துல ஜன்னல் பக்கம் நல்லா வெயில் வரும், தெரியுமா?" என்றார். அவளுக்குத் தெரியாது. இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள். வெயில் நகர நகர நாற்காலிகளையும் நகர்த்திக்கொண்டே பேசினார்கள். வெளிச்சம் போனபோது இருவரும் சமையலறை வாசலில் இருந்தார்கள்.