நான் மழை கேட்ட ஞாயிறு

மரக்காணம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த பிரவுசிங் சென்டரில் கீபோர்டைத் தொட்டாலே விரல் பிசுபிசுக்கும். உப்புக் காத்து. ஸ்பேஸ் பாரை ரெண்டு தடவை குத்தினால்தான் ஒரு தடவை இறங்கும். என் முதல் பிளாக் போஸ்ட்டை அதில்தான் தட்டினேன். 2005, கோடை...

எல்லோரும் வீடியோவுக்குப் போய்விட்டார்கள், நீ மட்டும் ஏன் இன்னும் பிளாக் எழுதிக்கொண்டிருக்கிறாய் என்று போன வாரம் ஒரு ஃப்ரெண்ட் கேட்டாள். அதற்கு என் பதில், மேரி அக்கா.

எங்கள் சர்ச் பங்கில் ஐந்து அன்பியங்கள். பத்திருபது குடும்பம் சேர்ந்தால் ஒரு அன்பியம். ஞாயிறு பூசையில் மன்றாட்டு எழுதி வாசிப்பது வாரத்துக்கு ஒரு அன்பியத்தின் முறை. எங்கள் முறை வந்தால் நான்தான் வாசிப்பேன். பி.காம். முடித்த பெண், மைக்குக்குப் பயப்படாத பெண் என்று கொஞ்சம் கர்வம் வேறு.

அந்த ஞாயிறு எழுந்ததே லேட். சொந்தமாக எழுத நேரமில்லை. அச்சடித்த புத்தகத்திலிருந்து நாலைந்தை அரைத்தாளில் காப்பி பண்ணிக்கொண்டு ஓடினேன். மூன்றாவது மன்றாட்டு, 'நல்ல மழை பெய்து எங்கள் பூமி செழிக்க வேண்டுமென்று...'

வழக்கமாக "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கோயிலே அதிரும். அன்றைக்குப் பாடகர் குழுவும், முன் வரிசை வாத்தியார் வீட்டுக்காரர்களும் மட்டும் சொன்னார்கள். பெண்கள் பக்கம் பாதிக்கு மேல் சத்தமே இல்லை. கை கூப்பியபடி, வாயை மூடிக்கொண்டு என்னையே பார்த்தார்கள்.

எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அப்பா போஸ்ட் ஆபீஸ். எங்கள் வீட்டில் யாரும் உப்பளத்தில் கால் வைத்ததில்லை.

பூசை முடிந்து வெளியே மாதா கெபி பக்கம் வந்தபோது மேரி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். எங்கள் அன்பியம்தான். பதினைந்து வயதிலிருந்து உப்பு வாரி, தலையில் சுமக்கிறவர்.

"ஏம்மா ஜான்சி, உப்பு வார்ற மாசத்துல போயி மழய கேக்குறியே. நாங்க எப்படிம்மா கேட்டருளும்னு சொல்றது?"

கோபமே இல்லாமல்தான் கேட்டார். எனக்குத்தான் முகம் செத்துப்போனது.

செவ்வாய்க்கிழமை மழை வந்தது. ரெண்டு நாள், விடாமல். கீற்று போட்டு மூடாத உப்புக் குவியல் எல்லாம் கரைந்தது. பாத்தி முழுக்க நல்ல தண்ணீர். அதை இறைத்து, தரையை மறுபடி மிதித்து இறுக்கி, உவர் நீர் ஏற்றி... மூன்று வாரம் அந்தப் பெண்களுக்கு வேலை கிடையாது.

தெருவில் கிண்டல் தாங்கவில்லை. ஜான்சி ஜெபம் செம பவர் என்றார்கள். ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சிரித்துவிட்டு, மழை உன் பேச்சைக் கேட்டு வரவில்லை, போய் நிம்மதியாக இரு என்றார். நிம்மதி வரவில்லை. பாவம் மழை வந்ததில் இல்லையே... எனக்கு முன்னால் நிற்பது யார் என்று பார்க்காமலே ஜெபித்தேனே, அது. மேரி அக்கா இனி என்னோடு பேசுவாரா என்பதுதான் எனக்குப் பயம். அவர் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டேன்.

பேங்க் எக்ஸாம் ரிசல்ட் பார்க்கப் போன இடத்தில்தான், தமிழிலேயே பிளாக் எழுதலாம் என்று சென்டர்காரர் காட்டினார். நடந்ததை அப்படியே தட்டினேன். மேரி அக்காவிடம் சொல்ல முடியாத மன்னிப்பை யார் யாரோ படிக்கப் போட்டேன்.

மூன்றாம் நாள் ஒரே ஒரு கமெண்ட். மஸ்கட்டில் வேலை பார்க்கும் இடையஞ்சாவடிக்காரர், ஊரில் நிலக்கடலை போடும் குடும்பம். "சிஸ்டர், அந்த மழையிலதான் எங்க அப்பா மல்லாட்ட கொல்லைய உழுதாரு. ரெண்டு வருஷமா காஞ்சி கெடந்துச்சு. உங்க சர்ச்சுக்கு நன்றி சொல்லுங்க."

பிரின்ட் அவுட் எடுத்துக்கொண்டு நேராக மேரி அக்கா வீட்டுக்குப் போனேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசலில் உட்கார்ந்து முழுசாக வாசித்தேன். மன்னிச்சுக்குங்கக்கா என்ற இடத்தை மெதுவாக வாசித்தேன். அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. அந்தக் கமெண்ட்டை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

அப்புறம், "அந்தப் புள்ளயோட அப்பாவுக்கு மல்லாட்ட நல்லா காய்க்கணும்னு அடுத்த மொறைக்கு சேத்து எழுதிக்கோ. உப்பு நாங்க மறுபடி வாரிக்குவோம்" என்றார்.

மூன்று வாரம் வேலை போன மனுஷி! பைபிளை வரிசையாகப் படித்த எனக்கு அந்த மனசு வந்திருக்குமா? சத்தியமாக வந்திருக்காது.

அடுத்த முறை நானே எழுதினேன். எங்கள் பாத்திகளுக்கு வெயில், இடையஞ்சாவடியில் ஒரு மல்லாட்டைக் கொல்லைக்கு மழை. முதலில் வந்த குரல் மேரி அக்காவுடையது. பின்னாலேயே கோயில் மொத்தமும்.

அன்றிலிருந்து எழுதுகிறேன். பிளாக் எனக்கு இன்னொரு மன்றாட்டு. என் வார்த்தையில் எழுத வேண்டும், இன்னாருக்கு என்று தெரிந்து எழுத வேண்டும்.

இப்போது கையில் போன். தமிழ் தானாக வருகிறது, விரல் பிசுபிசுப்பதில்லை. காலையில் எழுந்தால் ஃபார்வர்டு ஜெபம் நாற்பது வந்து கிடக்கிறது. அதற்கெல்லாம் நானும் கைகூப்பும் பொம்மையைத் தட்டிவிட்டுப் போகிறேன்.

மேரி அக்கா பொம்மையார்பாளையத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். நான் எழுதுவதைப் பேத்தி வாசித்துக் காட்டுவாள். கேட்டு முடித்ததும் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும், "கேட்டருளும்மா" என்று ஒரே வார்த்தை.

போன மாதம் அவசரத்தில், அங்கே இங்கே படித்ததைச் சேர்த்து ஒரு போஸ்ட் போட்டேன். லைக் நிறைய. மேரி அக்காவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பதறிப் பேத்திக்கு போன் போட்டேன். ஆயா நல்லாத்தான் இருக்காங்க, நான் வாசிச்சதையும் முழுசா கேட்டாங்க என்றாள்.

அன்றைக்கே அந்த போஸ்ட்டை எடுத்துவிட்டேன்.