இமெல்டாவின் வெள்ளிப் புனிதர்

இமெல்டாவின் கழுத்தில் தொங்கியவர் எந்தப் புனிதர் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. புலம்பெயர்ந்து வந்த நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் அவள் துப்புரவு வேலைக்குப் போன வீட்டுப் பிரெஞ்சுக்காரக் கிழவி, முதியோர் இல்லத்துக்குப் போகிற அன்று பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தது அது. தேய்ந்த வெள்ளி வட்டம், மேலே சங்கிலி கோக்க ஓர் ஓட்டை. ஒரு பக்கம் தோளில் புரளும் சுருள்முடியோடு ஓர் ஆண்முகம், மறுபக்கம் லத்தீன் எழுத்து. அதில் ‘தோமினி’ என்பதை மட்டும் வாசித்துவிட்டாள். மன்னாரில் கோயில் பாடகர் குழுவில் நின்றவளுக்கு ஆண்டவருடைய பெயர் தெரியாதா என்ன! முத்தமிட்டுப் போட்டுக்கொண்டாள்.

2009ஆம் ஆண்டு வன்னியில் அகப்பட்ட தம்பி எமிலியானுஸிடமிருந்து மாதக்கணக்காக ஒரு சத்தமுமில்லை. கறி வைக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்தப் புனிதரை இறுகப் பிடித்துக்கொண்டு மன்றாடினாள்.

மகள் செலீன்தான் குட்டையைக் குழப்பினாள். பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகத்தை முகத்துக்கு நேரே நீட்டினாள். அதே முடி, அதே மூக்கு!

“அம்மா, இது பதக்கமில்லை, காசு. பிரான்ஸ் ராசா, பதினாலாம் லூயி.”

“புனித லூயி எண்டும் ஒரு ராசா இருக்கிறார்தானே?”

“அது வேற லூயி. இவர் தன்ர வேதத்துக்கு மாறாத சனத்தின்ர வீடுகளுக்கு ஆமியை அனுப்பினவர். சனம் நாட்டை விட்டு ஓடினது.”

ஐயோ, இமெல்டாவுக்குத் தலை சுற்றியது. ஆமிக்குப் பயந்து ஓடும் தம்பிக்காக, ஆமியை ஏவிவிட்டவனிடமா இத்தனை நாளும் கெஞ்சினாள்? அந்த மன்றாட்டெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? போட்டிருந்தால் பாவம். கழற்றினால் தம்பியைக் கைவிட்ட மாதிரி. கழற்றினாள், போட்டாள், திரும்பவும் கழற்றினாள். பங்குச் சுவாமியிடம் கேட்கவும் வெட்கம். கடைசியில் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, ஒன்றும் விளங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அப்போதுதான் டெலிபோன் அடித்தது.

“அக்கா, நான்தான். முகாமில இருக்கிறன். உயிரோட இருக்கிறன்.”

இமெல்டா குழறி அழுதாள்.

“ஆரிட்ட மன்றாடினனீங்கள் அக்கா? சொல்லுங்கோ, அவருக்கு நானும் ஒரு மெழுகுதிரி கொளுத்த வேணும்.”

மடு மாதா என்று சொல்லியிருக்கலாம். பொய் வரவில்லை. மேசையில் ராசா சும்மா கிடந்தார்.

“கொளுத்து தம்பி,” என்றாள். “ஆனா நன்றிக்கில்லை. லூயி எண்டொரு பாவி. அவற்ற ஆத்துமாவுக்காகக் கொளுத்து.”